ராய்ஸுக்குக் காட்டிய பிரஸ்

எண்ணெய் அழுத்தத்தில் எஃகை அமுக்குகிற பழைய ஹைட்ராலிக் பிரஸ் வாங்கப் போனால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள், ஷெரிஃப். மோட்டாரும் பம்பும் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். முதலில் எண்ணெய் ஓடுகிற ரப்பர் ஹோஸைப் பாருங்கள். இரும்புச் சட்டத்தில் உரசி உரசி அது தேய்ந்திருக்கும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும், பழுக்கக் காய்ச்சிய எஃகை நசுக்குகிற அதே அழுத்தத்தில் எண்ணெய் பீறிடும். கண்ணுக்குத் தெரியாது. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

என் பிரஸில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. எனக்குத் தெரியும்.

அந்தப் பிரஸை வாங்கத்தான் ராய்ஸ் டாக்கெட் வந்தான். எங்கள் ஆர்கன்சாஸ் பக்கத்தில் கத்தி அடிப்பதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. அதை நான் என்றும் மறுத்ததில்லை. போன கத்திக் கண்காட்சியில் நான் அடித்த கத்தியை எடுத்து, எல்லார் முன்னாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லோவெல், பேன்கேக்குல வெண்ணெய் தடவ நல்லா இருக்கும்ப்பா இது" என்றான். என் மனைவிகூடச் சிரித்தாள்.

வாங்குகிறவன் தன் எஃகைக் கொண்டுவந்து, விற்பவனுடைய உலையில் காய்ச்சி, அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலைப்பேச்சு. ராய்ஸும் அப்படியே செய்தான். இரண்டு அமுக்கு அமுக்கியதும் நிமிர்ந்தான்.

"எங்கியோ சீறுதேப்பா."

"ஹோஸ் பக்கமா இருக்கும். தடவிப் பாரு, நான் பெடலை மிதிச்சுப் பிடிச்சுக்கறேன்."

ஆயுள் முழுக்க மின்சுத்தியலில் அடித்தவன் அவன். அதில் எண்ணெய் அழுத்தம் கிடையாது. எங்கே ஆடுகிறது, எங்கே சுடுகிறது என்று வெறுங்கையால் தடவித்தான் பழக்கம். கையுறையைக் கழற்றினான். நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"குளவி கொட்டினாப்ல இருக்கு" என்று வலது உள்ளங்கையைக் காட்டினான். சின்னப் புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"சிராய் குத்தியிருக்கும். இதுக்குப் போய் முகத்தைச் சுளிக்கிறியே" என்று ஒரு பீரைத் திறந்து கொடுத்தேன்.

சாயங்காலம் அவன் மனைவி சார்லீன் போன் செய்தாள். "கை பயங்கரமா வீங்குது லோவெல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?"

"சனிக்கிழமை அங்க யாரு இருப்பா? ஐஸ் வெச்சுப் படுக்கச் சொல்லு. காலைல வடிஞ்சிரும்."

உடனே கீறி எண்ணெயைக் கழுவினால் கை பிழைத்துவிடும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே ஹோஸ் என் விரலையும் குத்தியிருக்கிறது. உலையைக்கூட அணைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல் பிரித்த அன்றே, பிரஸ் விற்பனைக்கு இருப்பதாக ராய்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். அடுத்த கண்காட்சிக்கு அவசியம் வரச்சொல்லிவிட்டு வந்தேன். என்னைக் கேலி செய்தது அவன் வாய்தான், ஷெரிஃப். அந்த வாய்க்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.