பங்குனிக் கடைசி நாள்

கண்ணுங்களா, எண்பதுகளில் ஒரு நாள் பொம்மிடியிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் வரும்போது நான் கேட்ட பேச்சு இது. எனக்கு முன் சீட்டில் ஒரு எண்ணெய் மில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் மில்லில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பங்குனி கடைசி நாள்ல ஒருத்தியும் புள்ள பெக்கக் கூடாதுங்களா, பாய்?" என்று அந்த அம்மா கேட்டதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? உங்க வயசான காலத்துக்கு உதவட்டும்னு வருசா வருசம் உங்க பேருல என் கைக்காசைப் போடறேன். பங்குனி கடைசியில கணக்கு முடிக்கிற அன்னிக்கு யார் வேலையில இருக்காங்களோ அவங்களுக்குத்தான் அந்த வருசப் பங்கு. பாதியில ஓடறவனுக்கு எதுக்கு?"

"நம்ம ராணி வருசம் பூரா மில்லுல கடலை பொடைச்சா. இப்ப தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வூட்டுல இருக்கறா. ஓடுனவனும் அவளும் ஒண்ணுங்களா?"

முதலாளி தாடியைத் தடவினார். "அதை நான் நெனைக்கவே இல்லம்மா. பிரசவத்துக்குப் போனவங்க வேலையில இருக்கறதாவே வெச்சுக்கலாம். ராணிக்குப் பங்கு உண்டு."

"நாளைக்கு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"பஸ்ஸே சாட்சி, போதுமா?"

"அவ புருசனும் கூடவே போயிட்டானுங்க, பாய். அவனும் நம்ம மில்லுதான்."

"அவனுக்கு என்ன வலி? நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லும்மா!"

பஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. எனக்குக் கை தட்டணும்போல இருந்தது. ஆனால் அடுத்தவர் பேச்சுக்கு நான் எப்படித் தட்டுவது? என் நிறுத்தத்தில் இறங்கி, பஸ் மறைந்த பிறகு, ஆளில்லாத ரோட்டில் நின்று ஆசை தீரக் கை தட்டினேன்.