ரெண்டு பெருமாயி

— கண்ணுக்கு மருந்து கேட்டு மலையெறங்கி வந்திருக்கறோமுங்க டாக்டரய்யா. நீங்க மூக்குக்குள்ள கம்பிய உட்டுப் பாக்கறீங்க.

— ஆடாம இரு சென்றாயா. மூக்கு அடைச்சு எத்தனை நாளாச்சு?

— மூணு வருசமுங்க. அது நோவு இல்லீங்க, வரம். மிளகு தூத்தறப்ப ஊரே தும்மும். நான் தும்ம மாட்டேன். எங்க ஊரு சோளக்காட்டுல எல்லாரு ஊட்டு மிளகும் என்ற கையிலதான்.

— இந்தப் பெருமையத்தானுங்க கட்டிக்கிட்ட நானும் தெனம் கேக்கறேன். மூக்குல சீழு நாத்தம், பக்கத்துல படுக்க முடியல. "எனக்கு ஒண்ணும் நாறலியே பெருமாயி"ங்கறாரு.

— மோப்பம் செத்துப்போச்சும்மா, எப்படி நாறும்? மூக்கை ஒட்டி எலும்புக்குள்ள ஒரு பொந்து இருக்கு. அதுல சீழ் கட்டிக் கிடக்கு. பொந்துக்கும் கண்குழிக்கும் நடுவுல இருக்கற எலும்பு வெங்காயத் தோல் மாதிரி. அதை அரிச்சுக்கிட்டுப் போய்க் கண்ணை வெளிய தள்ளுது. இதுவரைக்கும் என்ன வைத்தியம் பண்ணீங்க?

— கண்ணுல தாய்ப்பால் உட்டோமுங்க. நந்தியாவட்டைச் சாறு உட்டோம். இவருக்காக அம்மனுக்கு வெள்ளியில கண்மலர் சாத்தறேன்னு காசு முடிஞ்சு வெச்சிருக்கறேன்.

— நோவு மூக்குல. வேண்டுதலும் தப்பான இடத்துக்குப் போயிருக்கு. பார்வை எப்படி?

— ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. ஆனியில மலைய அளக்க வந்த வெள்ளக்காரத் தொரை ரெண்டு பேரா நின்னாரு. வர்ற தொரைக்கு ஆளுக்கு ஒரு கோழின்னு ஊர்க்கட்டு. ரெண்டு புடிச்சுக் குடுத்தேன். மகராசன் ரெண்டாவது ஆளுக்கும் சேத்துத் தின்னாரு.

— இன்னிக்குக் காரவள்ளி எறக்கத்துலகூட, "ரெண்டு பெருமாயி முன்னால போறாளுக, ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசறாளுக, காது நோவுது"ன்னாருங்க. காலு ஓஞ்சு கெடந்த எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

— ரெண்டாத் தெரிஞ்சா நல்லதும்மா, கண்ணு உசுரோட இருக்கு. மூக்கு வழியாச் சீழை எடுத்துட்டா கண்ணு உள்ள போயிரும், பார்வை தங்கும்.

— எடுத்தாத் தும்மல் திரும்பி வந்துருமுங்களா?

— வரும்.

— அப்ப மிளகு வேலை போச்சு.

— போனாப் போகுது உடுங்க. கண்ணு இருந்தாச் சரி.

— இரும்மா. நல்ல கண்ணைக் கையால பொத்தறேன். சொல்லு சென்றாயா, எத்தனை பெருமாயி?

— கையக் கொஞ்சம் எடுங்க டாக்டரய்யா.

— ஏனுங்க, சொன்னா என்ன? ரெண்டுதானுங்களே?

— ஒருத்தியும் இல்ல புள்ள, ஒரே இருட்டு. ரெண்டாமவ ஆடியிலயே போயிட்டா. நீ சிரிப்பேன்னுதான் அவளையும் கூட்டிக்கிட்டு நடந்தேன்.