அச்சுதன் குரல் கொடுத்தால்தான் படல் திறக்கும்

வேனுக்குள் இருந்தவர்கள்: டிரைவர் எட்மண்ட், காட்டாங்குளத்தூர் கல்லூரியில் வரலாறு நடத்தும் ஹில்டா மேடம், விலைச்சீட்டைக் கிழிக்காத மலையேற்ற ஷூவோடு சத்யநாராயணன், அவர் மனைவி சுந்தரவல்லி. வேனுக்கு வெளியே, கீழ்க்கட்டளையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டைப் பிடித்தபடி, காதில் போனோடு தனக்கோடி. கால் சென்டரின் நைட் ஷிஃப்டை உதறிவிட்டு, ஆள் சேர்த்து மலைக்கு அழைத்துப் போகக் கிளம்பிய முதல் பயணம். வராதவன் அச்சுதன் மட்டும்தான்.

"ஹலோ... டேய், எங்கடா கீற? வேன் உன் வூட்டு வாசல்ல நிக்குது... ஆமா, ஆமா... ஜுரமா? நேத்து பிரியாணி துன்னு ஸ்டேட்டஸ் போட்டவனுக்கு இன்னிக்கு ஜுரமா?...

சரி, கேளு. நீ இல்லாம நாங்க போயி இன்னா பண்றது? உன் பெரியப்பா மாட்டுப்பட்டில வெளியாளுங்கள வுடமாட்டாருன்னு நீதான சொன்ன? சொந்தக்காரன் வேலியாண்ட நின்னு, யார் வூட்டுப் புள்ளன்னு குரல் குடுத்தாதான் முள்ளுப் படல் திறக்கும்னு?... அதான்டா. சேலம் தாண்டி, மலை ஏறிப் போயி, வேலியப் பாத்துட்டு வரணுமா?...

இரு... வரான் மேடம், குளிச்சிகினு கீறான்!... டேய், அந்தம்மா புக்கெல்லாம் படிச்சிட்டு வந்து கீது. மழை முடிஞ்சதும் மாட்ட மேல புல்லுக்கு ஓட்டினு போறது, மாசக்கணக்குல பட்டிலயே தங்கறது, சிறுத்தைக்கு நெருப்பு மூட்டிட்டு பரண்ல படுக்கறது... எல்லாம் நீ நம்ம ஆபீஸ் கேன்டீன்ல அவுத்து வுட்ட கதைதான? பட்டிக்காரர் தம்பி புள்ளயே கூட்டினு போறாருன்னு வாட்ஸப்ல போட்டுட்டேன்...

இன்னா?... சத்தமா சொல்லு... மாடுன்னா பயமா?"

தனக்கோடியின் கை கேட்டிலிருந்து நழுவியது.

"உனக்கா?... எப்பலேந்து?... பொறந்ததுலேந்தா! அதான் தாம்பரம் ரோட்ல மாடு படுத்துகினு இருந்தா மேடவாக்கம் சுத்தினு வருவியா? டிராஃபிக்குன்னியேடா!... சிரிக்கல... சிரிக்கலடா... சரி, சிரிச்சேன்.

டேய், கட் பண்ணாத. இது ஊத்திக்கிச்சின்னா நான் திரும்பவும் அந்த ஹெட்செட்டதான் மாட்டணும்... அழுவலடா, உள்ளத சொல்றேன்... ஆமா... நீ உள்ள வராத. வேலிக்கு வெளிய நின்னு ஒரே ஒரு குரல் குடு. படல் திறந்ததும் மரத்துல ஏறிக்கோ. மாட்டு முன்னாடி நான் நிக்கறேன்... யோசிக்கறதெல்லாம் வாணாம். போன சிஸ்டராண்ட குடு... குடுடா!

ஜெயஸ்ரீ சிஸ்டர், தனக்கோடி பேசறேன்... நல்லா கீறேன்... ட்ரிப் கேன்சல்னானா? பால்கனிக்கு வாங்க... தெரியுதா? ஆங், வெள்ளை வேன். கை ஆட்றாரே, சத்யநாராயணன் சார்... எல்லாரும் உங்க வூட்டுக்காரருக்குதான் வெயிட்டிங்... ஐயோ, மாட்டு மேட்டரு உங்களுக்கும் தெரியாதா?... சிஸ்டர்... சிரிச்சிட்டு சொல்லுங்க... உங்க அம்மா வூட்டுக்கு வராததும் அதுக்குதானா? அங்க பசு கீதா!... ஆமா... ஆமா, ஸ்வெட்டரும் வைங்க... பாவம்தான், ஆனா அனுப்பிடுங்க...

ஹலோ?... சிஸ்டர்?... டேய், நீயா? எங்க நிக்கற?... வெளியவா?... செருப்பு எங்க?... கையிலயா! போட்டுகினு எறங்கு... டேய், வரியா இல்லியா?..."

இணைப்பு அறுந்தது. தனக்கோடி நிமிர்ந்து பார்த்தான். முதல் மாடி வராந்தாவில், தோளில் பையும் கையில் செருப்புமாக, அச்சுதன் தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பிய சத்தம் கீழே வேன் வரைக்கும் கேட்டது.