அகனேத்தா கீழே வைக்காத பிள்ளை

ரயில் வந்துவிட்டது, ரோடு இன்னும் வராத காலம். கனடா தேசத்தில், மானிட்டோபா புல்வெளியில், ஹாபர்தால் என்று ஒரு கிராமம். ஒரே நீளத் தெரு, முப்பது வீடு, நடுவில் ஒரு சபைக் கட்டடம். மரம் கிடையாது. காற்று புறப்பட்டால் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். அங்கே இருந்தவர்கள் மென்னோனைட் என்கிற கிறிஸ்தவ சனம். ஆயுதம் எடுக்க மாட்டார்கள், சத்தியம் பண்ண மாட்டார்கள், பச்சைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். அப்படி வாழ இடம் தேடி ருஷ்யாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

அந்த ஊர் மருத்துவச்சி அகனேத்தா. கைராசிக்காரி. சர்க்கார் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்றது சபை. அகனேத்தா மகளை அனுப்பினாள். "மருந்துச் சீசாவுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தியாவது படிக்கணுமே" என்றாளாம். சபைத் தலைவரான மூப்பர் கொர்னேலியுஸ் எழுந்து அவளைச் சபையை விட்டு விலக்கினார்.

விலக்கு என்றால் என்ன? அவளோடு ஒரு மேசையில் உண்ணக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவள் கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அவளிடம் வெண்ணெய் வாங்க வருகிறவர்களுக்கு அதை வேலிக்கம்பத்தின் மேல் வைப்பாளாம். "கம்பத்தை இன்னும் விலக்கலை போல" என்பாளாம்.

அந்தப் பனிக்காலத்தில் மூப்பரின் மருமகள் யுஸ்தீனாவுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது. பக்கத்து ஊர் மருத்துவச்சியைக் கூட்டிவர மகன் சறுக்குவண்டி பூட்டிப் போனான். பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அவன் திரும்பவில்லை. நட்டநடுப்பகலில் எதிர்வீடு தெரியவில்லை. மூப்பருக்குப் பெண்சாதி இல்லை. வேலியைத் தடவித் தடவி அகனேத்தா வாசலுக்குப் போனார்.

"வர்றியா?"

"விலக்கினவகூடப் பேசலாமா மூப்பரே?"

"பேச்சுக்குத் தடையில்லை. கைக்குத்தான்."

"அப்ப காலாலயா பிரசவம் பார்க்கிறது?" கேட்டுக்கொண்டே சால்வையை எடுத்தாள்.

ஆண்பிள்ளை பிறந்தது, அழுதது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கை தாயின் வயிற்றை அழுத்துகிறது.

"பிள்ளையைப் பிடியும் மூப்பரே. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"கீழே வை. எடுத்துக்கிறேன்."

"வெண்ணெயை வெச்சேன். பிள்ளையை வைக்க மாட்டேன். கையை நீட்டும்."

அவர் நின்றார். அவளும் நின்றாள். ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் நின்றார்களாம். "யாராச்சும் அவனை வாங்கிக்குங்களேன்" என்றாளாம் கட்டிலில் கிடந்தவள்.

அப்புறம்தான் மூப்பர் கை நீட்டினார். அகனேத்தா இரண்டு கையாலும் அழுத்தினாள், அழுத்தினாள். யுஸ்தீனா போய்விட்டாள்.

முன்னமே வாங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது என்பார்கள். அந்தத் தெரியாததுதான் இருவரையும் தின்றது.

மகன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். தரை உறைந்து கிடந்ததால் வைக்கோலை எரித்து மண்ணை இளக்கிப் புதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூப்பர் சபையில் எழுந்தார்.

"அவ கையிலேர்ந்து வாங்கினேன். அதுக்கு எனக்கு வருத்தமில்லை. வாங்கத் தாமதிச்சேன். அதுக்குத் தண்டனை கொடுங்க."

விலக்கப்பட்டவர்கள் உட்காருகிற கடைசி பெஞ்சிலிருந்து அகனேத்தா சொன்னாள்: "நானும் கீழே வைக்கலை. பாதி என்னுது."

சபை மூப்பரை விலக்கியது, வாங்கியதற்காக. தாமதித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றைக்கே சபை இரண்டானது. சட்டம் பெரிது என்றவர்கள் வசந்தத்தில் வண்டி கட்டி மேற்கே போனார்கள். பதினோரு வீடு மிஞ்சியது.

இன்றைக்கும் அந்தச் சபையில் புதுப்பிள்ளை வந்தால், கடைசி பெஞ்சில் தொடங்கி கைமாறிக் கைமாறி முன்னால் போகுமாம். ஊரில் பேசாமலிருக்கிற இரண்டு பேரை அன்றைக்கு அடுத்தடுத்து உட்காரவைப்பார்களாம். அவர்கள் பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். பிள்ளை வரும்போது உடனே கை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.