மாளிகை விதானமும் ஒரு கல்லறையும்

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே! நரைத்தும் நிமிர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் அன்னையரே! அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று வெளியாகும் நூலை எழுதியவள் என் தங்கை. பரோக் ஓவியங்களை ஆராய்ந்தவள். 'பரோக்கா? இருமல் மருந்தா?' என்கிறார் பின்வரிசை நண்பர். மருந்தல்ல ஐயா, மயக்கம்! பொன்னும் ஒளியும் புயலாய்ப் புரளும் பழைய ஐரோப்பியக் கலை. பணம் கொடுத்தவன் பிரபு. பரவசம் கொடுத்தவன் ஓவியன். பெயர் யாருக்கு? பிரபுவுக்கு!

அப்படியொரு பிரபுவின் மாளிகை. உட்கூரை விதானம் முழுக்க வரைந்த மேகங்கள். நடுவே தேவனைப்போல் அந்தப் பிரபு. அதை வரைந்தவருடைய மனைவியின் கல்லறையை என் தங்கை தேடிக் கண்டுபிடித்தாள். கல்லில் என்ன செதுக்கியிருந்தது தெரியுமா? 'வேலை முடியும்வரை என்னவரை மாளிகைக்குள் பூட்டினார்கள். அவர் முகம் காணாமலே கண்மூடுகிறேன்.'

மாளிகை இன்று அந்த வம்சத்தின் கடைசி வாரிசான ஓர் அம்மாவுடையது. அவர் சம்மதிக்காவிட்டால் நூலில் படமில்லை. படமில்லாவிட்டால் நூலே இல்லை.

பதிப்பாளர் சொன்னார்: "கல்லறைக் கதையை இப்போ எதுக்குச் சொல்றீங்க? முதல்ல சம்மதத்தை வாங்குங்க."

தங்கை கேட்கவில்லை. "புத்தகத்தைப் பார்த்துத்தானா அவங்க தெரிஞ்சுக்கணும்? நேர்ல சொல்லணும். அண்ணா, நீயும் கூட வா."

ஐரோப்பாவுக்கே போனோம். சக்கர நாற்காலியில் இருந்த அந்த அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை ஆண்டு உழைப்பும் போயிற்றென்று நினைத்தேன்.

"என்னை அந்தப் படத்துக்குக் கீழ தள்ளிட்டுப் போங்க" என்றார், அவர் மொழியில்; நான் நம் தமிழில் சொல்கிறேன். தள்ளிக்கொண்டு போனேன். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"சின்ன வயசுல இங்க படுத்துக்கிட்டு மேகம் எண்ணுவேன். இவ்வளவு அழகா வரைஞ்சவரை ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றவர், குழந்தைபோல் விசும்பினார்.

என் தங்கை தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பற்றிக்கொண்டாள். "உங்க மனசு நோகும்னா படமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்மா."

"போடி பைத்தியமே! நல்லாப் பெருசாப் போடு. கீழ வரைஞ்சவர் பேரு. ஒட்டினாப்புல அந்தப் பொண்ணு பேரு. எங்க ஆளு பேரு அதுக்கப்புறம் வரட்டும்!"

நண்பர்களே! அதிகாரம் கட்டிய சுவர் எத்தனை உயரம்! அதன் இருபுறமும் தவித்த உயிர்கள் இரண்டு! அவர்களைச் சேர்த்துவைத்தது படையா? பட்டமா? தன் குலத்தின் தவற்றுக்குத் தானே கண்ணீர் விட்ட ஒரு தாயின் மனமல்லவா!

அந்தத் தாய் இதோ, கடல் தாண்டி வந்து, முன்வரிசையில். எழ வேண்டாம் அம்மா, நாங்கள் எழுகிறோம். முதல் பிரதியோடு என் தங்கை உங்களிடம் இறங்கி வருகிறாள். இடமளித்த அவைக்கு நன்றி. எல்லோரும் நலமாய் வாழுங்கள், வணக்கம்!