கை மாறிய சுக்கான்

நள்ளிரவு தாண்டிய நேரம். இரண்டு தீவுகளுக்கு நடுவே, வேறு ஒரு விளக்குகூடக் கண்ணில் படாத கடல்வழி... அதில் ஒரே ஒரு பாய்மரப் படகு.

சுக்கானைப் பிடித்திருந்தவள் நம் எதிர்வீட்டு டீச்சரின் நாத்தனார். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதை உரக்கச் சொல்ல முடியாது. அவளும் கணவரும் வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடித்தனம் நடத்தியவர்கள். அடுப்பு, துணிமணி, மகளின் கல்யாணப் போட்டோ, எல்லாம் அதற்குள்தான்.

அன்று பகலில் இருவருக்கும் சண்டை. மகளுக்கு நிறைமாதம். அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஊருக்குப் போகலாம் என்றாள் இவள். காற்று மாறுவதற்குள் இன்னும் ஒரு தீவைப் பார்த்துவிடலாம் என்றார் அவர்.

"அப்ப நான் மட்டும் போறேன். நீங்க தீவையே கட்டிக்கிட்டு அழுங்க."

அதன்பின் பேச்சில்லை.

இரவில் ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் கீழே தூங்குவார். கை மாற்றும்போது, வந்தவர் "நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் பிடியை விடுவது. படகேறிய நாளிலிருந்து மாறாத வழக்கம். அன்றுதான் பேச்சே இல்லையே...

வலப்பக்கம் பவளப்பாறை. அலை உடையும் வெள்ளைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. விளக்கும் போடக் கூடாது. போட்டால் இருட்டு கண்ணுக்குப் பிடிபடாது. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் கைமேல் படிந்தது. ஜில்லென்ற கை. ஊறிப்போன கயிற்றின் வாடை. மெல்ல ஒரு அழுத்து அழுத்திவிட்டு, பிடியை வாங்கிக்கொண்டது.

அவள் முறை முடிய இன்னும் நேரம் இருந்தது. மனுஷன் சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனாலும் பிகுவை விடாமல், திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கினாள்.

இருட்டில் தடவித் தன் படுக்கையில் சாய்ந்தாள். கண் சொருகியது...

எதிர்ப் படுக்கையில் குறட்டை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கும் குறட்டை.

உடம்பு விறைத்துப்போனது. மேலே சுக்கான் கிரீச்சென்று அசைந்தது. படகு கோடு பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

பிப்... பிப்... அவர் கைக்கடிகாரம். குறட்டை நின்றது. அவர் எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு படியேறினார். இழுத்துப் பிடிக்க வேண்டும்; கை எழவில்லை. கூப்பிட வேண்டும், தொண்டையில் வெறும் காற்று...

மேலே அவர் குரல் கேட்டது. பகலெல்லாம் அவள் ஏங்கிய அந்தக் குழைவோடு.

"இன்னும் கோபமா? சரி விடும்மா. ரெண்டு பேருமே பொண்ணுகிட்டப் போயிடுவோம். கொடு, நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு."

சுக்கான் மறுபடி கிரீச்சென்று கை மாறியது.

படியில்... சளக். ஈரக் கால். அடுத்த படியில்... சளக்.

அது அவர் எழுந்துபோன படுக்கைக்குப் போகவில்லை. அவள் கால்மாட்டில், மெத்தை மெல்ல அமுங்கியது.