டப்பாப் பாகு

பார்லி அரைக்கும்போது உமி நொறுங்கக் கூடாது. நொறுங்கினால் சாறு வடியாது, தொட்டியில் களிதான் மிஞ்சும். டெட்லெஃபுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவன் என் தங்கை அன்னெக்ரெட்டின் புருஷன். இன்ஷூரன்ஸ் விற்பவன். உள்ளங்கையில் ஒரு காய்ப்புக்கூடக் கிடையாது.

நானும் என் அப்பாவும் உருக்காலையில் வெந்தவர்கள். ட்யூசல்டோர்ஃபில் எங்கள் தெருத் திருவிழாவுக்கு வருடாவருடம் செம்பழுப்பு ஆல்ட் பீரை நான்தான் காய்ச்சுவேன். பழைய நிலக்கரி நிலவறையில் பெரிய மரத்தொட்டி. புளிக்கும்போது கிளம்பும் வாயு கண்ணுக்குத் தெரியாது, தரையோடு தேங்கி மூச்சை அடைத்துவிடும். அதனால் ஜன்னல் திறந்திருக்கும், இறங்குபவன் கையில் மெழுகுவத்தி இருக்கும். சுடர் அணைந்தால் உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

டெட்லெஃபுக்கு அது வேடிக்கை. "என்ன மச்சான், கீழ சாமியா இருக்கு?" என்பான்.

இந்த வருடம் நான் இல்லாத நேரத்தில் கடையில் விற்கும் இனிப்புப் பாகை டப்பா டப்பாவாக என் தொட்டியில் கொட்டிவிட்டான். "சீக்கிரம் ஆகட்டும்னுதான் மச்சான். குடிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

அந்த வாக்கியத்தையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நான் நிலவறைக்குப் போனேன். ஜன்னலைச் சாத்தினேன். குளிர் பட்டால் ஈஸ்ட் தூங்கிவிடும், அதற்காகத்தான். பாகு விழுந்த தொட்டி வெறிபிடித்துப் பொங்கியது. மறுநாள் மதியம் சமையலறையில் அவனுக்கு பீர் ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் குடிப்பவன் கிளாஸின் வாயை அட்டையால் மூடும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்பதற்கு அதுதான் சொல். டெட்லெஃப் ஒருநாளும் மூடியதில்லை.

"நுரை அடங்கிருச்சான்னு பாத்துட்டு வா" என்றேன்.

அன்றைக்குப் பார்த்து மெழுகுவத்தியைக் கையில் எடுத்தான். "இது வேணுமா மச்சான்?"

"லைட்டுதான் எரியுதே. கீழ சாமியா இருக்கு?"

சிரித்துக்கொண்டே இறங்கினான். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அடுப்பில் அடுத்த பார்லிக் கஞ்சி இருந்தது, சூடு தப்பினால் கெட்டுவிடும். கிண்டிக்கொண்டிருந்தேன். அவனைக் கொன்றது அவன் கொட்டிய பாகு. என் பீர் யாரையும் கொன்றதில்லை.

அன்னெக்ரெட் ஜாடியோடு வந்தாள்.

"அண்ணே, அவரு எங்க?"

"கீழ."

"வந்ததும் கேப்பாரு" என்று அவன் கிளாஸை நிரப்பப் போனாள்.

அட்டையை எடுத்து நான் மூடினேன்.